ரோமாபுரிப் பால் பை

அத்தியாயம் மூன்று

கட்டிலுக்குக் கீழே கிடந்த சப்பாத்துதான் வாகீசனின் நிம்மதியைக் கெடுத்தது.

கட்டில் இருந்தது ரோம் நகரத்தில். வாகீசன் இருந்தது ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு பல் வைத்தியருக்கும் வரிக்கணக்குக்காரருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த செலீன் அக்காவின் ஒற்றையறை அலுவலகத்தில். இடையில் ஒரு சமுத்திரமே இருந்தும், கணினியில் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்தச் சப்பாத்து நேரே வந்து அவன் வயிற்றை மிதித்தது.

"அக்கா, உது பொம்பிளையள் மட்டும் தங்கிற அறை எண்டெல்லோ பிள்ளை எழுதியிருக்கு?"

"ஓம். எட்டுப் பேருக்கு ஒரு அறை. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில, ஆக மலிவான ஹொஸ்டல்."

"அப்ப உந்தத் தோணி ஆற்றை? பன்ரண்டாம் நம்பராவது இருக்கும். அந்த அறையில ஆனை ஏதும் வாடகைக்கு இருக்குதோ?"

செலீன் சிரிக்கவில்லை. அவர் லேசில் சிரிக்கிறவரும் இல்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபது வருடமாகப் பொய்க் கழுத்துவலிகளைப் பிடித்துப் பிடித்து, மனிதர் மேல் இருந்த நம்பிக்கையை அங்கேயே விட்டுவிட்டு வந்து, சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவர். போதாதற்கு இன்று பெரிய வெள்ளி. மன்னார்க் கத்தோலிக்கரான செலீன் ஒருசந்தி பிடித்துப் பட்டினி கிடக்க, அவருக்கு முன்னால் உட்கார்ந்து வாகீசன் ஆட்டிறைச்சி றோல்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

செலீனின் உதவியாளனான வாகீசனுக்கு ஒரு குணம். பயம் வந்தால் பகிடி வரும். பெரிய பயம் வந்தால் பெரிய பகிடி வரும். செத்தவீட்டுக்கு அவனைக் கூட்டிப்போக அவனுடைய அம்மாவே தயங்குவார். இன்று காலையிலிருந்து அவன் வாய் மூடவில்லை.

விஷயம் இதுதான். மோர்னிங்சைட்டில் இருக்கும் ஜூலி என்ற இருபத்துநான்கு வயதுப் பெண், ஒரு முதுகுப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு ரோமாபுரி பார்க்கப் போவதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அன்றிலிருந்து வாட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் தினமும் படம் வந்தது. இடிந்த அரங்கம் வந்தது, காசு எறிகிற நீரூற்று வந்தது, காசில்லாமல் தண்ணீர் பிடிக்கிற தெருக்குழாய் வந்தது. மலிவாக ஊர் பார்ப்பது எப்படி என்று பாடம் நடத்துவது போல எல்லாம் வந்தது. அவளுடைய முகம் மட்டும் வரவில்லை. குரலும் வரவில்லை. அழைத்தால் எடுப்பதில்லை, எழுதினால் இரண்டு சொல்லில் பதில் வந்தது.

நேற்று அவளுடைய அண்ணன் றொய்சன் மிசிசாகாவிலிருந்து வந்து, இதே நாற்காலியில் இருந்து விம்மி விம்மி அழுதான். பொலிஸ் கையை விரித்துவிட்டதாம். வளர்ந்த பிள்ளை, பதில் எழுதுகிறாள், பிறகென்ன என்று கேட்டார்களாம். அவனுடைய கண்ணீரைப் பார்த்து வாகீசன் தன் சொந்த போன் நம்பரையே எழுதிக் கொடுத்தான். அதிலிருந்து அரைமணிக்கொரு தரம் றொய்சன் அவனுக்கு எழுதிக்கொண்டிருந்தான். "அண்ணை, ஏதும் தெரிஞ்சுதோ? அண்ணை, என்ர தங்கச்சி உயிரோட இருக்கிறாவோ?"

"அவவின்ர போன் ஒரு ஆம்பிளையிட்ட இருக்கு," என்றார் செலீன். "அது மட்டும் இப்ப நிச்சயம்."

"போன் அவனிட்ட. அப்ப பிள்ளை?"

றோல்ஸ் வாகீசனின் வாய்க்குள் மண்ணாகிப் போனது. இரண்டாயிரம் வருடத்துச் சுரங்கமும் கிணறும் உள்ள ஊர் அது. ஒரு பெண்ணை ஒளித்து வைக்க அதைவிட நல்ல ஊர் எங்கே இருக்கிறது என்று அவன் மனம் வேண்டாத கணக்கெல்லாம் போட்டது.

"கடைசிப் படத்தைப் போடு."

கடைசிப் படத்தில் ஒரு கை தெரிந்தது. ஜூலியின் கைதான், அந்தோனியார் மோதிரத்தை வைத்து நேற்று அண்ணனே அடையாளம் சொல்லியிருந்தான். கையில் ஒரு சான்ட்விச். கீழே, 'ஹொஸ்டல் குசினியில் மத்தியானச் சாப்பாடு' என்று ஒரு வரி.

"இதில என்ன இருக்கு அக்கா? பாணுக்குள்ள முட்டை. கொலைகாரனும் சாப்பிடத்தானே வேணும்."

"கையைப் பாக்காதை. கைக்குப் பின்னால பார்."

கைக்குப் பின்னால் மங்கலாக ஒரு மேசை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. ஜக்குக்குள் பால்.

"பால் ஜக்கு."

"பால் எப்பிடி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

"வாகீசன்!"

அவன் மூக்கு திரையில் முட்டும்வரை குனிந்தான். பால் ஜக்குக்குள் ஊற்றப்பட்டிருக்கவில்லை. பையோடு இறக்கி வைக்கப்பட்டிருந்தது. பையின் மூலை சரிவாக வெட்டப்பட்டு நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில், குளிர்ப்பெட்டியின் கதவில், பை வெட்டுகிற அந்தச் சின்னக் காந்தத் துண்டு ஒட்டியிருந்தது. வாகீசன் தினமும் காலையில் கண்ணைத் திறக்காமலே கையில் எடுக்கிற அதே சாமான்.

"எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான்..." என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்தினான்.

"அதுதான். உங்கட வீட்டிலயும் எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான். தொண்ணூறாம் ஆண்டு நானும் ரோம் போனனான் தம்பி. ஒரு முதுகுப்பை, ரெண்டு சட்டை. எங்களைக் களவா இஞ்ச கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எட்டுப் பேரை ஒரு குசினிக்குள்ள விட்டுப் பூட்டினவன். கோயிலும் பாக்கேல்லை, குளமும் பாக்கேல்லை. ஆனா அந்தக் குசினியை எனக்கு வடிவாத் தெரியும். பால் கடதாசிப் பெட்டியில வந்தது. பையை ஜக்குக்குள்ள இறக்கி மூலையை வெட்டுறது இஞ்ச எங்கட ஒன்ராறியோக்காரர்தான். பிள்ளை ஒவ்வொரு நாளும் பாக்கிறபடியா அது கண்ணில படேல்லை. உனக்கும் படேல்லை."

"அப்ப பிள்ளை ரோமில இல்லை?"

"ரோமுக்குப் போனது போன். பிள்ளை இஞ்சதான் எங்கேயோ, ஒரு பேஸ்மென்ற்றுக்குள்ள. படத்தில யன்னல் சீலிங்குக்குக் கிட்ட எவ்வளவு உயரத்தில இருக்கெண்டு பார்."

வாகீசனுக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போல இருந்தது. உயிரோடு இருக்கிறாள்! முட்டை சான்ட்விச் தின்கிறாள்! மீதி றோல்ஸுக்குத் திரும்பச் சுவை வந்தது.

செலீன் அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். அழைத்தது, தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிற வின்சன்ற் மாஸ்ரரை. இந்த ஊரில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு யார் ஞானஸ்நானத்தில் கைபிடித்து நின்றது என்பதெல்லாம் அந்த மனிதரின் நாக்கு நுனியில் இருக்கும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

"ஒளிக்கிற கத்தோலிக்கப் பிள்ளை ஞானத்தாயிட்டத்தான் ஓடும். ஜூலியின்ர ஞானத்தாய் பிலோமினா. வீடு வெக்ஸ்போர்ட்டில. கீழ்வீடு போன மாசம் காலியானதாம். காரை எடு."

பெரிய வெள்ளியில் ரொறன்ரோ ஊரடங்குச் சட்டம் போட்டது போலக் கிடக்கும். கடைகள் பூட்டு. தெருவில் ஈ, காக்கை இல்லை. ஏப்ரல் என்ற வெட்கமே இல்லாமல் ஈரப்பனி தூறிக்கொண்டிருந்தது. வெக்ஸ்போர்ட்டில் அந்த வீட்டு ட்ரைவ்வேயில் கார் இல்லை.

"பிலோமினா மூண்டு மணி வழிபாட்டுக்குப் போட்டா போல," என்றார் செலீன். "பிள்ளை தனிய இருக்கும். ஆம்பிளையைக் கண்டாப் பயப்பிடும். நீ காரிலயே இரு."

அவர் வீட்டின் பக்கவாட்டுப் படிகளில் இறங்கி மறைந்தார். மேலே இருந்து பார்த்த வாகீசனுக்கு, நிலமட்டத்தில் இருந்த ஒடுங்கிய யன்னலில் திரை ஒரு தரம் அசைந்தது தெரிந்தது. ஆள் இருக்கிறது! அதே நேரம் அவனுடைய போன் அதிர்ந்தது. றொய்சன்தான்.

"அண்ணை, நான் சாப்பிட்டு ரெண்டு நாள். ஏதாவது சொல்லுங்கோ."

பாவம், கூடப்பிறந்தவன். வாகீசனின் கை தானாக எழுதியது. "தம்பி அழாதேங்கோ. தங்கச்சி இருக்கிறா. சுகமா இருக்கிறா. வெக்ஸ்போர்ட்." வீட்டு இலக்கத்தையும் தெருவின் பெயரையும் சேர்த்து அனுப்பினான். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு இருக்கையில் சாய்ந்தான்.

செலீன் திரும்பி வந்தார். நடந்து வரவில்லை. ஐந்து வருடத்தில் அவர் ஓடி வாகீசன் பார்த்ததில்லை. இன்று ஓடி வந்தார். யன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லித் தட்டினார். முகம் வெளிறிக் கிடந்தது.

"அவனுக்கு ஏதும் எழுதினியோ?"

"ஆருக்கு? றொய்சனுக்கோ? ஓம், பாவம் அக்கா..."

"நான் கதவில தட்டி, உங்கட அண்ணா றொய்சன்தான் எங்களை அனுப்பினவர் எண்டன். உள்ளுக்கிருந்து பிள்ளை என்ன சொன்னது தெரியுமோ? 'என்ர அண்ணா ரோமில நிக்கிறார். என்ர போன் அவரிட்டத்தான் இருக்கு.'"

வாகீசனுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பன்னிரண்டாம் இலக்கச் சப்பாத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. அது தங்கைக்காகப் படம் பிடித்துத் திரிகிற உண்மையான றொய்சனுடையது. அப்படியானால் நேற்று நாற்காலியில் இருந்து அழுதது?

"பேர் சுலக்சன். கூட வேலை செய்தவன். கலியாணம் கட்டச் சொல்லி ஒரு வருசமா உயிரை எடுத்தவன். கிட்ட வரக்கூடாது, ஆரைக் கொண்டும் தொடர்புகொள்ளக் கூடாது எண்டு கோர்ட் தடை போட்டிருக்கு. அதுக்குப் பிறகும் ஒவ்வொரு நாள் விடியவும் அவவின்ர வாசலில ஒரு பூச்செண்டு கிடக்குமாம். ஆர் வைக்கிறதெண்டு ஒருத்தரும் காணேல்லை. அவன் நம்பவேணும் எண்டுதான் பிள்ளை ரோமுக்குப் போனமாதிரிக் காட்டினது. முகம் எங்கை எண்டு தெரியாத நம்பரில இருந்து ஆரோ கேட்டு எழுத, அவன்தான் எண்ட பயத்தில தன்ர கையைப் படம் பிடிச்சு அண்ணாவுக்கு அனுப்பினதுதான் அந்தப் படம்." செலீன் மூச்சு வாங்கினார். "நேற்று நான் அவனிட்ட ஞானத்தாய் ஆர் எண்டு கேட்டனான். அப்பிடி ஒருத்தரும் இல்லை அன்ரி எண்டவன். ஞானத்தாய் இல்லாத கத்தோலிக்கப் பிள்ளை உலகத்தில இல்லையடா! அழுற ஆள், மறந்துபோனான் எண்டு விட்டிட்டன். என்ர பிழை."

"அவன் மிசிசாகாவில அக்கா. வர முக்கால் மணித்தியாலம் எடுக்கும்," என்று வாகீசன் சொன்னான். சொல்லிக்கொண்டே, ஏதோ உந்த, பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

நாலு வீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளி நிறக் கார் நின்றது. அவர்கள் வந்தபோது அது அங்கே இல்லை. உள்ளே ஒருவன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தினான்.

நேற்று அழுத முகம்.

"அக்கா," என்றான் வாகீசன். அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை. "பின்னால."

"திரும்பாதை. கண்டிட்டன்." செலீன் யன்னலில் சாவகாசமாகச் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி பேசினார். அவருடைய விரல்கள் மட்டும் கதவின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. "எங்களுக்குப் பின்னாலயே வந்திருக்கிறான். மோப்பம் பிடிக்க எங்களை விட்டவன். கொஞ்சம் சிரி. சிரிச்சுக்கொண்டு எழுது. பிள்ளை சேர்ச்சுக்குப் போட்டா எண்டு எழுது. மோர்னிங்சைட் பக்கம், தூரத்தில உள்ள சேர்ச் ஒண்டைச் சொல்லு."

வாகீசன் பல்லைக் காட்டினான். அது சிரிப்பா வலியா என்று யாரும் சொல்லமுடியாது. அப்படியே எழுதினான். "தம்பி, வந்து பாத்தா ஆள் இல்லை. மூண்டு மணிப் பூசைக்குப் போட்டாவாம்." தேவாலயத்தின் பெயரையும் போட்டு அனுப்பினான்.

எட்டிப் பார்த்த செலீன் கண்ணை மூடினார்.

"என்ன அக்கா?"

"வருசத்தில பூசை வைக்காத ஒரே நாள் இண்டைக்குத்தான். பெரிய வெள்ளிக்கு வழிபாடுதான் நடக்கும். உண்மையான றொய்சன் எண்டா உடன பிடிச்சிருப்பான்."

"நான் சைவம் அக்கா, எனக்கு என்ன தெரியும்?"

"அவனும் சைவமாத்தான் இருக்கவேணும் எண்டு வேண்டிக்கொள்."

அவன் வாசித்துவிட்டான் என்று போனில் நீலக் கோடுகள் விழுந்தன. பின்னால் இருந்த கார் உறுமியது. மெதுவாக, மிக மெதுவாக அவர்களை நோக்கி வந்தது. பக்கத்தில் வந்ததும் இன்னும் மெதுவானது. சுலக்சன் கண்ணாடியினூடாக வாகீசனைப் பார்த்து, நன்றி சொல்கிறவன் போல நெஞ்சில் கையை வைத்தான். வாகீசனும் கையைத் தூக்கினான். கார் சந்தியில் திரும்பி மறைந்தது.

செலீன் படியிறங்கிப் போய்ச் சொன்னதும், ஜூலி வெளியே வர ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. மெலிந்த பெண். தோளில் ஒரு முதுகுப்பை, எல்லா வார்களும் இறுக்கிக் கட்டி. எங்கும் போகாத பயணத்துக்கு அவள் அதை அவிழ்க்காமலே வைத்திருந்தாள் போலும். பின்னிருக்கையில் ஏறி, இருக்கைகளுக்கு நடுவே தரையில் குந்திக்கொண்டாள்.

"Is he gone? அவன் போட்டானா?"

"போட்டான் பிள்ளை. இப்ப நாங்கள் பொலிசுக்குப் போறம்."

"பொலிஸ் proof கேக்கும். எப்பவும் அதைத்தான் கேக்கிறவை."

வழி முழுக்க அவளுடைய பற்கள் ஒன்றோடொன்று அடிக்கிற சத்தம் முன்னால் கேட்டது. வாகீசன் ஒவ்வொரு வெள்ளிக் காருக்கும் ஒரு தரம் செத்துப் பிழைத்தான். செலீன் பிலோமினாவுக்கு அழைத்தபடியே வந்தார். வழிபாட்டில் இருக்கிறவர் போனை நிறுத்தி வைத்திருந்தார். வின்சன்ற் மாஸ்ரரும் எடுக்கவில்லை, பாடிக்கொண்டிருப்பார்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி கணினியில் தடையுத்தரவைத் தேடி எடுத்தார். இருக்கிறதுதான், ஆனால் அவன் மீறியதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நேற்று வந்து அழுதான், இன்று காரில் வந்தான் என்று செலீன் சொல்லச் சொல்ல, அவர் பொறுமையாகத் தட்டச்சுச் செய்தார். ஜூலி சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் முதுகுப்பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள்.

அப்போது வாகீசனின் போன் அதிர்ந்தது.

"அண்ணை, பெரிய வெள்ளிக்குப் பூசை இல்லையாமே. இஞ்ச நிண்ட ஒரு அன்ரி சொன்னா. ஏன் எனக்குப் பொய் சொன்னீங்கள்?"

அடுத்தது உடனே வந்தது.

"நான் திரும்பி வந்திட்டன். வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில நிக்கிறன். கதவு திறக்கும்வரைக்கும் நிப்பன்."

வழிபாடு முடிந்து அந்த வாசலுக்குத்தான் பிலோமினா வரப்போகிறார், தனியாக. அவன் போனை நீட்டினான். செலீன் வாசித்தார். அவருடைய முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"பால் பையைப் போலத்தான்," என்றார். "தான் நிக்கிற இடத்தைத் தானே எழுதித் தந்திருக்கிறான்."

அதை ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி எழுந்து தன் பொலிஸ் வானொலிக் கருவியில் தெருவின் பெயரைச் சொன்னார். பிறகு வாகீசனைப் பார்த்தார். பொலிஸ் வண்டி போய்ச் சேரும்வரை சுலக்சன் அந்த வாசலிலேயே நின்றால் நல்லது என்றார்.

"எழுது," என்றார் செலீன்.

"என்னத்தை அக்கா?"

"நிக்க வைக்கிற மாதிரி ஏதாவது. நாள் முழுக்கப் பகிடி விட்டனி, இப்ப ஒண்டு விடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக வாகீசனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. தலைக்குள் வெறும் இரைச்சல். வாங்கில் இருந்த பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பாதி உண்மையும் பாதிப் பொய்யுமாக எழுதினான்.

"தம்பி, நான் சைவம். எனக்குப் பூசையும் ஒண்டுதான், வழிபாடும் ஒண்டுதான். கோவிக்காதேங்கோ. தங்கச்சி இப்ப எங்கட காரிலதான் இருக்கிறா. வழியில ஒரு பை பால் வாங்கிக்கொண்டு வாறம். நில்லுங்கோ."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பெரிய வெள்ளி. கடை எல்லாம் பூட்டு. அவன் மூச்சை நிறுத்திக்கொண்டு திரையைப் பார்த்தான். சுலக்சன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் எழுதுகிறான் என்று காட்டியது.

"சரி அண்ணை. நிக்கிறன். நான் நிக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ. பயந்திடுவா."

சுவரில் இருந்த கடிகாரம் மட்டும் வேலை செய்தது. ஜூலி எழுந்து வந்து செலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் வானொலி கரகரத்தது. ஒரு ஆண் குரல், அவசரமில்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. வீட்டின் முன்னால் வெள்ளிக் கார். பக்கவாட்டுப் படியில் ஒருவன். எதிர்க்கவில்லை, ஓடவில்லை, பிடித்தாயிற்று.

"ஆயுதம் ஏதும்?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை," என்றது குரல். "கையில் ஒரு பூச்செண்டு."